மரியன் மகோனி கிரிஃபின்

மரியன் மகோனி கிரிஃபின் (பெப்ரவரி 14, 1871 – ஆகஸ்டு 10, 1961) ஓர் அமெரிக்கக் கட்டிடக்கலைஞரும் ஓவியரும் ஆவார். ஐக்கிய அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் கட்டிடக்கலைஞராகத் தொழில் புரிய உரிமம் பெற்ற முதல் பெண் இவரே. புகழ்பெற்ற கட்டிடக்கலைஞர் பிராங்க் லாய்டு ரைட்டின் அலுவலகத்தில் ஏறத்தாழ 14 ஆண்டுகள் பணியாற்றினார். ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பராவுக்கான திட்டத்தை வடிவமைத்த வால்ட்டர் பர்லி கிரிஃபின் இவருடைய கணவர். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, இந்தியா ஆகிய மூன்று நாடுகளில் இவ்விருவரும் இணைந்து பணியாற்றினர். 1911 இல் தொடங்கிய இவர்களது இல்வாழ்வும் தொழில்வாழ்வும் 1937 இல் இந்தியாவின் இலக்னோ நகரில் வால்ட்டரின் மரணத்தோடு முடிவுற்றன.

கிரிஃபின் இணையரின் பணிகளில் எது கணவருடையது, எது மனைவியுடையது என்று பிரித்துக் கூறுவது கடினம். மரியன் தம் பெயரை முன்னிறுத்த விரும்பாததே இதற்கு முதன்மைக் காரணமாகும்.

இளமைக்காலம்

மரியன் சிகாகோ நகரில் பிறந்தார். தந்தை ஜெரமையா மகோனி அயர்லாந்திலிருந்து குடிபெயர்ந்தவர். ஆசிரியராகவும் இதழாளராகவும் இருந்தவர். தாய் கிளாரா பள்ளி ஆசிரியர். மரியன் பிறந்த ஆண்டின் அக்டோபர் மாதத்தில் சிகாகோ நகரின் பெரும்பகுதியை அழித்த பெருந்தீ ஏற்பட்டது. அதன் பின்னர் இவரது குடும்பம் நகரின் வடக்கே இருந்த வின்னெட்கா என்னும் சிற்றூரில் குடியேறியது. அங்கிருந்த காடுகளும் ஓடைகளும் இவரது இளமை நினைவுகளில் நிலைத்தன. பிற்காலத்தில் இவர் வரைந்த கட்டிடப் படங்களில் மரங்கள் பெற்ற சிறப்பிடத்துக்கு இவ்வூர் வாழ்க்கையே அடித்தளம் எனலாம்.

தந்தை இவரது சிறு வயதிலேயே காலமானார். அதன் பின்னர் தாய் சிகாகோவில் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியராகப் பொறுப்பேற்றுக் குடும்பத்தைக் காத்தார். பெண்கள் தொழில் செய்து வாழ்வது இயல்பானது என்னும் எண்ணம் மரியனுக்கு வீட்டிலிருந்தே கிடைத்தது.

கல்வி

இவரது ஒன்றுவிட்ட சகோதரரான டுவைட் பெர்க்கின்ஸ் ஒரு கட்டிடக்கலைஞர். அவரைப் பின்பற்றி மரியனும் அக்காலத்தில் பாஸ்டன் நகரில் இயங்கிய மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கட்டிடக்கலை பயின்று 1894 இல் பட்டம் பெற்றார். அக்கழகத்தில் நான்காண்டுக் கட்டிடக்கலைப் படிப்பை நிறைவு செய்த இரண்டாவது பெண் இவர். முதலாமவர் சோபியா ஹேடன். 1893 ஆம் ஆண்டின் சிகாகோ உலகக் கண்காட்சியில் பெண்கள் மாளிகையை வடிவமைத்தவர். மரியன் தமது பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் ஓர் ஓவியரின் வீடும் ஓவியக்கூடமும் ஆகும். ஓவியம், கட்டிடம் என்ற இரண்டையும் ஒன்றாகக் காணும் இவரது போக்கு அப்போதே வெளிப்பட்டது.

சிகாகோ திரும்பிய இவர் பெர்க்கின்சின் அலுவலகத்தில் சிறிது காலம் பணிபுரிந்தார். கட்டிடக்கலைஞர்கள் உரிமம் பெறவேண்டும் என்னும் சட்டத்தை இலினாய் மாநிலம் 1897 இல் இயற்றியது. அடுத்த ஆண்டிலேயே மரியன் உரிமம் பெற்றார்.

ரைட்டின் அலுவலகத்தில்

1895 இல் மரியன் பிராங்க் லாய்டு ரைட்டிடம் பணியில் சேர்ந்தார். ரைட் அப்போது தனித் தொழில் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியின் பரந்த புல்வெளிகளுக்கு ஏற்ப, தாழ்ந்து நீண்ட கூரைகளும் கிடைக்கோடுகளும் கொண்ட வீடுகளை அவர் உருவாக்கி வந்தார். இப்பாணி பின்னர் பிரெய்ரி பாணி எனப் பெயர் பெற்றது. மரியன் இவ்வலுவலகத்தில் இருக்கைகள், விளக்குகள், வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள், சுவரோவியங்கள் ஆகியவற்றை வடிவமைத்தார். எனினும் இவரது பெயர் நிலைபெற்றது தோற்றப்படங்களினாலேயே ஆகும்.

கட்டப்படாத ஒரு வீடு கட்டப்பட்ட பின் எவ்வாறு தோன்றும் என்பதை வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக வரையப்படுபவை தோற்றப்படங்கள். மரியனின் படங்களில் ஜப்பானிய மரச்செதுக்கு அச்சோவியங்களின் தாக்கம் தெளிவாகத் தெரியும். கட்டிடம் படத்தின் நடுவே அமையாமல் ஒரு பக்கமாகவோ மேற்பகுதியிலோ அமையும். மரக்கிளைகளும் பூக்களும் நுண்ணிய கோடுகளாகப் படத்தின் விளிம்புகளை நிறைக்கும். தாளின் பெரும்பகுதி வெறுமையாக விடப்பட்டிருக்கும். சில படங்களில் இலைகளுக்கிடையே தம் பெயரின் முதலெழுத்துகளை மறைவாக எழுதி வைப்பது இவரது வழக்கம். இந்தியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரிலுள்ள டி ரோட்ஸ் வீட்டுக்காக 1906 இல் வரைந்த படம் இவ்வகையில் புகழ்பெற்றது. அப்படத்தை மரியன் வரைந்ததையும், ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் வழியை அது பின்பற்றியதையும் ரைட்டே அதில் குறிப்பு எழுதி ஒப்புக்கொண்டுள்ளார்.

பெர்லின் நகரின் வாஸ்முத் பதிப்பகம் 1910 இல் ரைட்டின் படைப்புகளைப் பெரிய படத்தொகுதியாக வெளியிட்டது. ஐரோப்பாவின் இளம் கட்டிடக்கலைஞர்களிடையே ரைட்டின் புகழ் பரவ இதுவே காரணமாயிற்று. இத்தொகுதியிலுள்ள படங்களுள் ஏறத்தாழப் பாதி மரியனின் படங்களை அடிப்படையாகக் கொண்டவை என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஆயினும் வெளியீட்டில் அவர் பெயர் இடம்பெறவில்லை.

இக்காலத்தில் மரியன் தனித்தும் சில பணிகளை மேற்கொண்டார். இவற்றுள் இலினாய் மாநிலத்தின் எவன்ஸ்டன் நகரில் 1903 அளவில் கட்டப்பட்ட சிறிய தேவாலயம் குறிப்பிடத்தக்கது. இது பின்னர் இடிக்கப்பட்டது.

வால்ட்டருடன் திருமணம்

வால்ட்டர் பர்லி கிரிஃபின் (நவம்பர் 24, 1876 – பெப்ரவரி 11, 1937) 1901 இல் ரைட்டின் அலுவலகத்தில் சேர்ந்து, சுமார் ஐந்து ஆண்டுகளின் பின் விலகித் தனித்தொழில் தொடங்கியவர். நிலத்தோற்ற வடிவமைப்பிலும் நகரத் திட்டமிடலிலும் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். மரியனைவிட ஐந்து வயதுக்கு மேல் இளையவர்.

1909 இல் ரைட் தம் குடும்பத்தையும் தொழிலையும் விட்டு ஐரோப்பா சென்றார். அவரது அலுவலகப் பணிகளை ஹெர்மன் வான் ஹோல்ஸ்ட் என்னும் கட்டிடக்கலைஞர் ஏற்றுக்கொண்டார். வடிவமைப்புப் பொறுப்பு மரியனிடம் வந்தது. டிக்கேட்டர் நகரில் அடுத்தடுத்து அமைந்த சில வீடுகளின் பணி அவற்றுள் ஒன்று. அவ்வீடுகளின் சுற்றுப்புறத்தை வடிவமைக்க மரியன் வால்ட்டரை அழைத்தார். இப்பணியின்போது இருவரும் நெருங்கிப் பழகினர். விடுமுறை நாட்களில் சிறு துடுப்புப் படகில் ஆறுகளில் நெடுந்தூரம் சென்று செடிகொடிகளைக் காண்பது இருவருக்கும் பொதுவான விருப்பமாயிற்று. ஜூன் 29, 1911 அன்று இந்தியானா மாநிலத்தின் மிச்சிகன் சிட்டி என்னும் ஊரில் இவர்கள் திருமணம் செய்துகொண்டனர். அப்போது மரியனுக்கு 40 வயது. வால்ட்டருக்கு 34 வயது. இவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

இத்திருமணத்தின் பின் மரியன் தம் தொழிலைக் கணவரின் தொழிலோடு முழுமையாக இணைத்துக்கொண்டார். தமக்கு முன்பிருந்த தனித்த அடையாளத்தை அவர் மீண்டும் நாடவில்லை.

கான்பராத் திட்டம்

ஆஸ்திரேலியக் குடியேற்றங்கள் 1901 இல் ஒரே கூட்டாட்சியாக இணைந்தன. புதிய தலைநகருக்கான இடம் 1908 இல் தேர்ந்தெடுக்கப்பட்டது. 25,000 மக்கள் வாழத்தக்க நகருக்கான பன்னாட்டு வடிவமைப்புப் போட்டி 1911 இல் அறிவிக்கப்பட்டது. இறுதி முடிவை அமைச்சரே எடுப்பார் என்னும் விதியை எதிர்த்துப் பிரித்தானியக் கட்டிடக்கலைஞர்களின் அமைப்பு போட்டியைப் புறக்கணித்தது.

இப்போட்டியில் கலந்துகொள்ள வால்ட்டர் விரும்பியிருந்தும் வேலையைத் தொடங்காமல் நாட்களைக் கடத்தி வந்தார். உரிய காலத்தில் தொடங்காவிட்டால் தாம் படங்களை வரையப்போவதில்லை என்று மரியன் கண்டிப்புடன் கூறியதாக அவரே பின்னாளில் எழுதியுள்ளார். அதன் பின்னர் ஏறத்தாழ ஒன்பது வாரங்களில் பணி முடிக்கப்பட்டது. திட்டத்தின் கருத்து வால்ட்டருடையது. அலுவலக வரைஞர்கள் உதவ, மரியன் அதனைத் துணியில் பெரிய வண்ணப் படங்களாக உருவாக்கினார். எயின்ஸ்லி மலையுச்சியிலிருந்து நகரம் எவ்வாறு தோன்றும் என்பதைக் காட்டும் அகன்ற படம் இவற்றுள் மிகவும் பெயர் பெற்றது. கணவரோ மனைவியோ அதுவரை ஆஸ்திரேலியாவைக் கண்டதில்லை. போட்டியாளருக்கு அனுப்பப்பட்ட நிலப்படங்களையும் குறிப்புகளையும் கொண்டே மலைகளின் அமைப்பை மரியன் மனத்தில் கண்டு வரைந்தார்.

இத்திட்டத்தின் சிறப்பு, நிலத்தை மாற்றாமல் நிலத்தையே நகரின் அடிப்படையாகக் கொண்டதாகும். எயின்ஸ்லி மலையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நில அச்சும், அதனைக் குறுக்கே வெட்டும் நீர் அச்சும் நகரின் இரு முதன்மைக் கோடுகள். இவற்றைச் சார்ந்து பெரிய முக்கோண வடிவில் சாலைகள் அமைந்தன. நகரின் நடுவே ஓடும் மொலொங்லோ ஆற்றைத் தடுத்து ஏரி அமைக்கவும் திட்டம் கூறியது. ஏனைய போட்டியாளர் பலர் அனுப்பிய படங்களில் கட்டிடங்களே முதன்மை பெற்றிருக்க, மரியனின் படங்களில் மலைகளே முதன்மை பெற்றன.

மொத்தம் 137 திட்டங்கள் போட்டியில் இடம்பெற்றன. மே 23, 1912 அன்று 29 ஆம் எண் கொண்ட திட்டம் முதற்பரிசு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. பின்லாந்தின் எலியல் சாரினென் இரண்டாம் இடம் பெற்றார். பரிசு வால்ட்டரின் பெயருக்கே வழங்கப்பட்டது.

ஆஸ்திரேலியாவில்

வால்ட்டர் 1913 இல் தலைநகர வடிவமைப்பு, கட்டுமானப் பணிப்பாளராக நியமிக்கப்பட்டார். 1914 இல் இருவரும் ஆஸ்திரேலியாவில் குடியேறினர். அரசு அலுவலர்களின் எதிர்ப்பும் முதலாம் உலகப் போர்க்காலச் செலவுக் குறைப்பும் பணியைத் தடை செய்தன. அலுவலர்கள் வால்ட்டருக்கு இடையூறு செய்தமையை 1916–17 இல் நடைபெற்ற அரச விசாரணைக் குழு உறுதிப்படுத்தியது. ஆயினும் நிலைமை மேம்படவில்லை. 1920 இன் முடிவில் வால்ட்டர் பதவியிலிருந்து நீங்கினார். நகரின் பெரும்பாலான சாலைக் கோடுகள் மட்டுமே அவரது திட்டப்படி அமைந்தன. திட்டமிடப்பட்ட ஏரி 1960களிலேயே உருவாயிற்று. அது இன்று பர்லி கிரிஃபின் ஏரி என அழைக்கப்படுகிறது.

இக்காலத்தில் மெல்பேர்ண், சிட்னி நகரங்களில் தனியார் பணிகளையும் கிரிஃபின் இணையர் மேற்கொண்டனர். மெல்பேர்ணின் கேப்பிட்டல் திரையரங்கு (1924) இவற்றுள் சிறந்தது. இதன் உட்கூரை படிகங்கள் அடுக்கியது போன்ற சுதை வேலைப்பாட்டால் ஆனது. படிகங்களின் பின்னே மறைக்கப்பட்ட வண்ண விளக்குகள் நிறம் மாற மாறக் கூரையும் நிறம் மாறும். இவ்வடிவமைப்பில் மரியனின் பங்கு பெரிது எனக் கருதப்படுகிறது. டாஸ்மேனியப் பயணத்தின் விளைவாக, ஆஸ்திரேலிய மரங்களைத் தனித்தனி மனிதரைப் போல வரைந்த ஓவிய வரிசை ஒன்றையும் இவர் படைத்தார்.

காசில்கிராக்

1920களின் தொடக்கத்தில் சிட்னியின் மிடில் துறைமுகக் கரையில் சுமார் 263 ஹெக்டேர் நிலத்தை ஒரு நிறுவனத்தின் மூலம் வாங்கி, காசில்கிராக் என்னும் குடியிருப்பை வால்ட்டர் உருவாக்கத் தொடங்கினார். பாறைகளையும் இயற்கை மரங்களையும் காப்பது, வீடுகளுக்கு வேலி இடாமல் விடுவது, கடற்கரையைப் பொது நிலமாக வைப்பது ஆகியன இக்குடியிருப்பின் நெறிகள். 1925 இல் இணையர் இங்கேயே குடிவந்தனர்.

காசில்கிராக்கின் சமூக வாழ்வுக்கு மரியனே மையமாக இருந்தார். இயற்கையான பாறைச் சரிவு ஒன்றைத் திறந்தவெளி அரங்காக மாற்றி, அங்கு நாடகங்களை நிகழ்த்தினார். ஆடைகளையும் காட்சியமைப்பையும் தாமே வடிவமைத்தார். ருடால்ப் ஸ்டைனரின் மெய்யியலில் 1930 அளவில் இவருக்கு ஈடுபாடு ஏற்பட்டது. ஸ்டைனர், சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட பிரம்மஞான சபையிலிருந்து பிரிந்து தனி இயக்கம் கண்டவர். மரியனைத் தொடர்ந்து வால்ட்டரும் அவ்வியக்கத்தில் சேர்ந்தார்.

உலகப் பொருளாதார மந்தம் காசில்கிராக்கின் வளர்ச்சியை நிறுத்தியது. அக்காலத்தில் நகராட்சிகளுக்கான குப்பை எரியுலைக் கட்டிடங்களே வால்ட்டருக்கு முதன்மை வருவாயாக இருந்தன. 1931 இல் சிகாகோ சென்றிருந்த மரியன், அங்குள்ள பள்ளி ஒன்றின் சுவரில் நாரைகளுக்கு உணவூட்டும் தேவதைகளின் ஓவியத்தை வரைந்தார்.

இலக்னோவில் இறுதிக்காலம்

இலக்னோ பல்கலைக்கழகத்தின் நூலகத்தை வடிவமைக்கும் வாய்ப்பைப் பெற்று 1935 இல் வால்ட்டர் இந்தியா வந்தார். சில மாதங்களில் திரும்பும் எண்ணத்துடன் வந்த அவருக்குப் புதிய பணிகள் தொடர்ந்து கிடைத்தன. 1936 இல் மரியனும் இலக்னோ வந்து சேர்ந்தார். சிட்னி அலுவலகம் பங்காளரான எரிக் நிக்கோல்சின் பொறுப்பில் விடப்பட்டது.

ஆஸ்திரேலியாவில் பல ஆண்டுகள் வரைபலகையிலிருந்து பெரிதும் விலகியிருந்த மரியன் 65 வயதில் மீண்டும் நாள்தோறும் வரையத் தொடங்கினார். மகமூதாபாத் அரசரின் நூலகம், பயனீர் நாளிதழின் அச்சகக் கட்டிடம், தனியார் வீடுகள் எனப் பல திட்டங்கள் உருவாயின. ஐக்கிய மாகாணங்களின் தொழில், வேளாண் கண்காட்சி (1936–37) இவற்றுள் மிகப் பெரியது. ஏறத்தாழ 160 ஏக்கர் பரப்பில் அமைந்த அக்கண்காட்சியின் பொதுத்திட்டத்தையும் பல மண்டபங்களையும் இவர்கள் வடிவமைத்தனர். வெயிலைத் தடுக்கும் முறைகளையும் உள்ளூர்க் கட்டிட மரபையும் இருவரும் ஆர்வத்துடன் கற்றனர். கான்பராவில் கிடைக்காத சுதந்திரம் இலக்னோவில் அவர்களுக்குக் கிடைத்தது.

1937 இன் தொடக்கத்தில் வால்ட்டருக்குப் பித்தப்பை அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. அதன் பின் வயிற்றறையில் ஏற்பட்ட அழற்சியால் பெப்ரவரி 11, 1937 அன்று இலக்னோ மருத்துவமனையில் அவர் காலமானார். அவருக்கு வயது 60. அவரது உடல் அந்நகரின் கிறித்தவக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அக்கல்லறை நீண்டகாலம் பெயர்க்கல் இன்றி இருந்தது. இலக்னோவில் தொடங்கிய திட்டங்களுள் பல கட்டப்படாமலே நின்றுபோயின.

அமெரிக்கா திரும்பிய பின்

மரியன் இலக்னோ அலுவலகத்தை மூடிவிட்டுச் சிட்னி சென்றார். பின்னர் 1938 இல் சிகாகோ திரும்பினார். நியூ ஹாம்ப்சயர், டெக்சாஸ் மாநிலங்களில் இரண்டு குடியிருப்புகளுக்கான திட்டங்களை 1940களில் வரைந்தார். இரண்டும் நிறைவேறவில்லை.

இவரது பிற்காலத்தின் பெரும்பணி 'அமெரிக்காவின் மாயம்' என்று பொருள்படும் தலைப்புடைய நினைவு நூலாகும். இது தட்டச்சில் 1,400 பக்கங்களுக்கு மேற்பட்டது. நூற்றுக்கணக்கான படங்களையும் கொண்டது. கணவர் நடத்திய நான்கு போர்களாக நூலை அவர் வகுத்தார். முதற்பகுதி இந்தியாவைப் பற்றியது. இரண்டாவது கான்பராவைப் பற்றியது. மூன்றாவது காசில்கிராக்கைப் பற்றியது. நான்காவது தனிமனித வாழ்வைப் பற்றியது. காலவரிசைப்படி இறுதியில் வரவேண்டிய இந்தியா முதலிடம் பெற்றது குறிப்பிடத்தக்கது.

இந்நூல் அவரது வாழ்நாளில் அச்சேறவில்லை. அதன் படிகளைச் சிகாகோ கலைக் கழகத்திலும் நியூயார்க் வரலாற்றுக் கழகத்திலும் ஒப்படைத்தார். 2007 இல் சிகாகோ கலைக் கழகம் இதனை இணையத்தில் வெளியிட்டது. மரியன் 1961 இல் தமது 90 ஆம் வயதில் சிகாகோவில் காலமானார்.

பங்களிப்புப் பற்றிய கருத்துகள்

மரியனைப் பற்றிய மதிப்பீடு காலந்தோறும் மாறி வந்துள்ளது. நீண்டகாலம் இவர் ரைட்டின் திறமையான வரைஞர் என்றும், பின்னர் வால்ட்டரின் மனைவி என்றும் மட்டுமே குறிப்பிடப்பட்டார். 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெண் கட்டிடக்கலைஞர்களைப் பற்றிய ஆய்வுகள் வளர்ந்தபோது இவர் தனிப் படைப்பாளியாக மதிக்கப்பட்டார்.

இவ்வாய்வுகளுக்கு இவரது நூலே ஓர் இடையூறாகவும் உள்ளது. ரைட் பிறரது உழைப்பைத் தமதாக்கிக்கொண்டார் என்று கடுமையாகக் குறை கூறும் மரியன், கணவரைப் பற்றி எழுதும்போது தம் பங்கைத் தாமே குறைத்துக் கூறுகிறார். வால்ட்டரின் கருத்துகளுக்கு உருவம் தந்த கை மட்டுமே தாம் என்பது அவரது நிலைப்பாடு. இதனை அக்காலப் பெண்களுக்கு இயல்பான தன்னடக்கம் என்பர் சிலர். காதலின் விளைவாகத் தாமே விரும்பி ஏற்ற முடிவு என்பர் வேறு சிலர். ஆனால் கான்பராப் போட்டியின் நடுவர்கள் கண்டது திட்டத்தை மட்டுமன்று. அத்திட்டத்தை மலைகளோடும் ஒளியோடும் காட்டிய படங்களையும் கண்டனர். கருத்தும் அதன் உருவமும் ஒன்றையொன்று சார்ந்தே பரிசு பெற்றன. ஆகவே பெயர் இல்லாத இடத்திலும் மரியனின் பங்கு உண்டு என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்தாகும்.

நினைவுகள்

* கான்பராப் போட்டிப் படங்கள் ஆஸ்திரேலியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.
* ஆஸ்திரேலியக் கட்டிடக்கலைஞர் கழகத்தின் நியூ சவுத் வேல்ஸ் பிரிவு, கட்டிடக்கலையில் சிறந்த பெண்களுக்கு இவர் பெயரால் பரிசு வழங்கி வருகிறது.
* கான்பரா நகரின் நூற்றாண்டான 2013 இல், எயின்ஸ்லி மலையுச்சியின் காட்சியிடத்துக்கு மரியன் மகோனி கிரிஃபின் பெயர் சூட்டப்பட்டது. 1911 இல் சிகாகோவில் இருந்தபடியே இவர் வரைந்த காட்சியை இன்று அவ்விடத்தில் நின்று நேரில் காணலாம்.
* சிகாகோவின் ஏரிக்கரைப் பூங்கா ஒன்றுக்கும் 2015 இல் இவர் பெயர் இடப்பட்டது.